ராஜாவுக்கு எதிராக நின்ற யானை

மருதங்காட்டை ஆண்ட சிங்காரபூபதி ராஜாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கப்பல் வியாபாரிகள் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அப்படி ஒருவன் சபைக்கு வந்து, "கடலுக்கு அப்பால் ஒரு தேசத்தில் நாலு வருஷத்துக்கு ஒரு தரம் ஜனங்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்று அளந்துவிட்டு, பட்டுத் துணியையும் விற்றுவிட்டுப் போனான். பட்டு ஒரே மாதத்தில் சாயம் போயிற்று. யோசனை மட்டும் ராஜாவின் தலையிலேயே தங்கிவிட்டது.

"நாமும் நடத்துவோம்! ஜனங்களுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று எல்லோரும் பார்க்கட்டும்" என்றார்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். "மருதங்காட்டில் பிறந்த யாரும் ராஜா பதவிக்கு நிற்கலாம். பௌர்ணமியன்று மைதானத்தில் அவரவருக்குப் பிடித்தவர் பின்னால் ஜனங்கள் வரிசையில் நிற்க வேண்டும். சங்கு ஊதும்போது யார் பின்னால் நீளமான வரிசையோ அவரே ராஜா!"

தன்னை எதிர்த்து ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்றுதான் ராஜா நினைத்தார். ராணியின் தம்பி ருத்திரப்பன் நின்றான். ஊர் ஏரித் தண்ணீர் மொத்தத்தையும் தன் கரும்புத் தோட்டத்துக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. ராஜா இருக்கும்வரை அது நடக்காது.

ராஜா சிரித்தார். "அவன் வீட்டு விருந்தில் கை நனைத்தவர்கள்தான் அவன் பின்னால் நிற்பார்கள். பாதி ஊர்கூடத் தேறாது!"

அது ருத்திரப்பனுக்கும் தெரியும். அதனால் மறுநாள் சபைக்கு வந்தான்.

"அத்தான், நம் அபரஞ்சியும் நிற்கிறது."

"அபரஞ்சியா? அது யானை ஐயா!"

"மருதங்காட்டில் பிறந்த யாரும் நிற்கலாம் என்றுதானே தண்டோரா? அது உங்கள் யானைக் கொட்டாரத்திலேயே பிறந்ததாயிற்றே!"

சபையே கைதட்டிச் சிரித்தது. ராஜாவும் சிரித்தார். விகடகவி வெள்ளியம்பலம் மட்டும் சிரிக்கவில்லை. சபையைச் சிரிக்க வைப்பதுதான் அவர் உத்தியோகம். அவரே உம்மென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ராஜா அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன ஓய், யானைக்கு யார் போய் நிற்கப்போகிறார்கள்?"

"உங்கள் ஆட்கள்தான், மகாராஜா. உங்களைப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் அபரஞ்சியையும் பிடிக்கும். உங்களையே அதன் முதுகில்தானே பார்க்கிறார்கள்? உங்கள் வரிசை இரண்டாகும். மைத்துனர் வரிசையிலிருந்து ஓர் ஆள் நகரமாட்டார். விருந்து வைப்பவரை விட்டுவிட்டு வைக்கோல் தின்பதன் பின்னால் யார் போவார்கள்?"

"தோற்றால் என் கதி?"

"மைத்துனர் அரண்மனைக்கு வருவார். நீங்கள் அவர் வீட்டுக்குப் போவீர்கள். அங்கே உங்கள் மாமியார் இருக்கிறார்."

வீட்டோடு மாப்பிள்ளை! ராஜா சிம்மாசனத்தை விட்டுத் துள்ளி எழுந்தார். அன்று சாயங்காலமே கொட்டாரத்துக்கு ஓடினார். "அபரஞ்சி, நீ விலகிக்கொள். உனக்கு முகபடாம் செய்து போடுகிறேன். தங்கத்தில்!" என்று கெஞ்சினார். அது அவருடைய கிரீடத்தைக் கழற்றி நிதானமாகத் தன் தலையில் வைத்துக்கொண்டது.

ஊரிலோ ருத்திரப்பனின் ஆட்கள் யானைக்காகத் தொண்டை வறளக் கத்தினார்கள். "அபரஞ்சி என்றைக்காவது பொய் சொன்னதா? வரி கேட்டதா?" ஜனங்கள் யோசித்தார்கள். "ராஜா நல்லவர்தான். யானை இன்னும் கொஞ்சம் நல்லதோ?"

"தண்டோராவை ரத்து செய்துவிடட்டுமா?" என்று வெள்ளியம்பலத்தைக் கேட்டார் ராஜா.

"யானைக்குப் பயந்தார் என்பார்கள். அது நிற்கட்டும். ஒரே ஒரு விதி மட்டும் சேருங்கள். நிற்கிற யாரையும் கட்டி வைக்கக் கூடாது, பிடித்து வைக்கக் கூடாது."

ருத்திரப்பனும் உடனே சம்மதித்தான். "என்னைச் சங்கிலியால் கட்டாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை."

பௌர்ணமி வந்தது. மைதானத்தில் ஒரு பக்கம் ருத்திரப்பன், அவன் பின்னால் ஏப்பம் விட்டபடி நீண்ட வரிசை. நடுவில் அபரஞ்சி, அதன் பின்னால் குழந்தை குட்டிகளோடு அரை வரிசை. அதற்கு முன்னால் சற்று தூரத்தில் ராஜா, அவர் பின்னால் இன்னொரு அரை வரிசை. ராஜா கனத்த சால்வை போர்த்தி, குனியாமல் வளையாமல் விறைப்பாக நின்றார்.

"தோற்கிற நேரத்திலும் என்ன கம்பீரம்!" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சங்கு ஊதுகிறவன் மூச்சை இழுத்தான்.

"பாவம், மகாராஜாவுக்கு வெயில்!" என்று சொல்லி வெள்ளியம்பலம் சால்வையை உருவினார்.

ராஜாவின் முதுகில் ஒரு முழுக் கரும்பு செருகியிருந்தது. சால்வைக்குள் மடங்கியிருந்த தோகை நிமிர்ந்து கிரீடத்துக்கு மேலே ஆடியது.

அபரஞ்சி பார்த்தது. துதிக்கையைத் தூக்கியது. நடந்தது. பின்னால் நின்றவர்கள் என்ன செய்வார்கள்? யானை பின்னால் நிற்க வந்தவர்கள், யானை போனால் அவர்களும் போகத்தானே வேண்டும்! ராஜாவின் ஆட்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். யானை நேரே போய் ராஜாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. யானைக்குப் பின்னால் யானையின் ஜனங்கள், அவர்களுக்குப் பின்னால் ராஜாவின் ஜனங்கள். வரிசை மைதானத்தைத் தாண்டி ஏரிக்கரைவரை போயிற்று.

சங்கு முழங்கியது.

"இது அநியாயம்!" என்று குதித்தான் ருத்திரப்பன். "எதிர்த்து நிற்பது எப்படி இன்னொருவர் பின்னால் நிற்கலாம்?"

"அதுவும் மருதங்காட்டில் பிறந்ததுதானே? அதற்குப் பிடித்தவர் பின்னால் அது நிற்கிறது" என்றார் வெள்ளியம்பலம்.

முதுகுக்குப் பின்னால் மொறுமொறுவென்று கரும்பு நொறுங்க நொறுங்க, ராஜா அசையாமல் நின்று ஜெயித்தார்.

அன்று சபையில் வெள்ளியம்பலத்துக்குப் பொற்சங்கிலி போட்டார். "கரும்பு எங்கே பிடித்தீர்?"

"மைத்துனர் தோட்டத்தில்தான், மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அவன் யானையை நிறுத்தியதற்குப் பதில் ஒரு மனிதனை நிறுத்தியிருந்தால்?"

வெள்ளியம்பலம் பெருமூச்சு விட்டார்.

"நாம் தொலைந்திருப்போம், மகாராஜா. மனிதன் ஒரு கரும்போடு விட்டிருக்கமாட்டான். மந்திரி பதவி கேட்டிருப்பான்."