ஆறாவது ரப்பர் பேண்டு

மாரீஸ்வரியின் உடம்பில் நாலு பேர் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். கீழே கால்கள். மாடியில் புத்தி. காதோரத்து அறையில் பாட்டு. கண்ணுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் தூக்கம். எல்லாரும் நல்லவர்கள்தான். பாட்டுக்கு மட்டும் வாய் கொஞ்சம் நீளம்.

மாரீஸ்வரி கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் எட்டு வருஷமாகக் குச்சி அடுக்குகிறவள். காவலர் வேலைக்கு ஓட்டத் தேர்வு வந்திருந்தது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் ஆயுசுக்கும் குச்சிதான். அந்தப் பயத்தில் வேலை முடிந்ததும் ஓட்டம், ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஓட்டம் என்று மூன்று நாளாக அவள் கண்ணே மூடவில்லை.

தூக்கம் தன் அறைக்குத் திரும்பும்போதெல்லாம் பாட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

"வழியை விடு. உள்ளே எனக்கு வேலை கிடக்கு" என்றது தூக்கம்.

"படுத்துக் கிடக்கிறதுக்குப் பேர் வேலையா? அவளை ஓட வைக்க நான் ஒருத்தன் போதும்."

கால்களும் பாட்டின் கட்சிதான். "கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. இவன் பாடினா எங்களுக்கு வலியே தெரியலை. நீங்க வந்தா படுக்கத்தானே சொல்வீங்க?"

மாடியிலிருந்து புத்தி என்னவோ சொல்ல வந்தது. பாதியில், சொல்ல வந்தது என்ன என்று மறந்துபோய் உள்ளே போய்விட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேர்வு நாள் காலையில் மைதானம் முழுக்கப் பனி இறங்கியிருந்தது. குறித்த நேரத்துக்குள், முடிவு விசில் ஊதுவதற்கு முன், மொத்தம் ஆறு சுற்று ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோட்டருகே ஒரு காவலர் ரப்பர் பேண்டோடு நிற்பார். ஓடிக்கொண்டே அதை வாங்கிக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். முப்பது பெண்கள் ஓடும் இடத்தில் அந்த ரப்பர் பேண்டுதான் சாட்சி.

விசில் ஊதியதும் பாட்டு தாளத்தைப் பிடித்தது. கால்கள் குஷியாகக் கிளம்பின. ஒன்று, இரண்டு, மூன்று என்று ரப்பர் பேண்டுகள் கையில் ஏறின.

நாலாவது சுற்றில் மைதானம் லேசாக நெகிழ்ந்தது. கொடிகள் தண்ணீருக்குள் ஆடுவதுபோல் ஆடின. "அட, மிதக்கிறோம்!" என்றன கால்கள். கோட்டருகே யாரோ எதையோ நீட்டிக்கொண்டு நின்றார். புத்தி வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. பாட்டு உச்சத்தில் இருந்தது. மாரீஸ்வரி அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆறு சுற்றும் முடிந்ததும் கால்கள் புல்லில் மடங்கி விழுந்தன. "ஜெயிச்சுட்டோம்!"

பெண் இன்ஸ்பெக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். "அஞ்சுதானேம்மா இருக்கு?"

"ஆறு ஓடிட்டேன் மேடம். சத்தியமா ஓடினேன்."

"கையில இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும். ஒன்றரை நிமிஷம் மிச்சம் இருக்கு. எந்திரி, இன்னொரு சுத்து ஓடி வாங்கிக்கோ."

பாட்டு தொண்டை கிழியப் பாடியது. கால்கள் எழுந்தன, பத்து அடி போயின, உட்கார்ந்துவிட்டன. விசில் ஊதியது. பாவி விசில், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் மாரீஸ்வரி அழுதாள். அழுகை ஓய்ந்தபோது தூக்கம் வந்தது. யாரும் அதை மறிக்கவில்லை. பாட்டு தானாகவே ஒதுங்கி நின்றது. தூக்கம் எந்தக் குறையும் சொல்லாமல் உள்ளே போய், அவள் தலையை மெல்லச் சாய்த்தது.

வெயில் ஏறியது. மாடியில் புத்தி மெதுவாகத் தெளிந்தது. காலையில் கிடைக்காத சொல் இப்போது கிடைத்தது.

"கையை நீட்டு" என்றது புத்தி.

தூங்கிக்கொண்டே மாரீஸ்வரி கையை நீட்டினாள்.