சுவருக்கு அந்தப் பக்கம்

“மனுசங்க ஏன் சாமி சண்டை போட்டுக்கறாங்க?”

செவந்தலிங்கம் கேட்டார்.

“எந்த மனுசங்க?” என்றார் பாறையம்மா.

“பொதுவாக் கேட்டேன்.”

“பொதுவா யாரும் சண்டை போடறதில்லையே.”

செவந்தலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

அவர் கொத்தனார். வயது ஐம்பத்து மூன்று. மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு இந்தப் பாறைக்கு வருகிறார். மடம் என்று பெயர்தான். ஒரு கூரையும் பாதி எழும்பிய ஒரு சமையல்கட்டும் இருந்தன.

பாறையம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு வரும் முன் நூல்மில்லில் பதினெட்டு வருஷம் நின்றவர். அந்த இரைச்சலில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது, எல்லாம் சாடைதான். அந்தப் பழக்கம் இங்கே வந்த பிறகும் போகவில்லை. ஒரு சொல் போதுமென்றால் ஒன்றரைச் சொல் சொல்ல மாட்டார். ஊரில் அதைப் பெரிய தவம் என்று பேசிக்கொண்டார்கள்.

செவந்தலிங்கத்துக்கு அந்தத் தவம் அரை நிமிஷம் தாங்கியது.

“எட்டு நாள்ல என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் சாமி.”

“நல்லது.”

“நான் தாய்மாமன்.”

“ரொம்ப நல்லது.”

“நான் போகப்போறதில்ல.”

ஏன் என்று பாறையம்மா கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் வரும் என்று அவருக்குத் தெரியும்.

வந்தது.

தங்கை புருஷன் நல்லுசாமியும் கொத்தனார்தான். இருவரும் இருபது வருஷம் ஜோடி போட்டு வேலை செய்தவர்கள். ஒரே சாரத்தில் நின்று, ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு வீட்டுக்குத் தரை போட்டார்கள். குடிபுகுந்த அன்று கூடத்தைக் கழுவி விட்டால், வாசலுக்கு ஓட வேண்டிய தண்ணீர் நேராக சாமி அறைக்குள் போய்க் குளம் கட்டி நின்றது. விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் வீட்டுக்காரர் கேட்டார், “யாருய்யா மட்டம் பார்த்தது?”

“அவன் என்னைக் காட்டினான் சாமி. கையை நீட்டிக் காட்டினான்.”

“நீங்க?”

“நான் அவனைக் காட்டினேன். தப்பு அவன் பக்கந்தானே.”

“யார் முதல்ல காட்டினது?”

செவந்தலிங்கம் யோசித்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான்.”

அன்றோடு பேச்சு அறுந்தது. கடைவீதியில் எதிர்ப்பட்டால் இருவரில் ஒருவருக்குத் திடீரென்று வேறு தெருவில் வேலை வந்துவிடும். தங்கை மட்டும் தீபாவளிக்கு வருவாள், அண்ணன் வீட்டிலும் அழுவாள், திரும்பிப் போய் அங்கேயும் அழுவாள். பத்திரிகை வைக்கவும் அவள் மட்டும்தான் வந்தாள்.

“நேத்து பூங்கோதை போன் பண்ணுச்சு. கல்யாணப் பொண்ணு. என் மடியில வச்சுத்தான் அதுக்குக் காது குத்தினாங்க. ‘நீங்க மாலை எடுத்துக் குடுக்காம நான் மேடையேற மாட்டேன் மாமா’ங்குது.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாறையம்மா அவர் பக்கம் திரும்பினார்.

“சரி,” என்றார். “தப்பு நல்லுசாமி பேர்லதான்.”

செவந்தலிங்கம் நிமிர்ந்தார். ஆறு வருஷமாக ஒருத்தர்கூட அதைச் சொன்னதில்லை. பெண்டாட்டிகூட “ரெண்டு பேருந்தான்” என்பாள்.

“அப்படிச் சொல்லுங்க சாமி!”

மடத்துப் பூனை வந்து அவர் காலை உரசிவிட்டுப் போனது. அது அந்தப் பக்கம் போவதற்குள் முகத்திலிருந்த மலர்ச்சியும் போய்விட்டது.

“நீங்க சொல்லி என்ன ஆகப்போகுது. அவன் சொல்லணும்.”

“சொன்னா?”

“சொன்னா மேடையேறி நிப்பேன். நான் எப்பவோ மன்னிச்சாச்சு சாமி. ஒத்துக்கணும், அவ்வளவுதான்.”

“ஒத்துக்கலைன்னா?”

“அதைத்தான் கேக்கறேன். இதை எப்படி விடறது? விடத்தான் பாக்கறேன், முடியல.”

பாறையம்மா எழுந்து சேலையை உதறினார்.

“சமையக்கட்டுக்குத் தரை போடணும்னேனே. டியூப் கொண்டாந்தீங்களா?”

செவந்தலிங்கத்துக்குச் சுருக்கென்றது. நெஞ்சில் இருப்பதைக் கொட்டினால் தரையைப் பற்றிக் கேட்கிறார்! ஆனாலும் வேலை என்று காதில் விழுந்தால் உட்கார்ந்திருக்க முடியாத பிறவி அவர். சைக்கிள் கேரியரிலிருந்து டியூபை அவிழ்த்தார்.

லெவல் டியூப் என்பது பெரிய எந்திரமெல்லாம் இல்லை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய், அதற்குள் தண்ணீர். ஒரு முனையோடு ஒருவர் இங்கே நிற்க, மறுமுனையோடு இன்னொருவர் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அங்கே கோடு போட்டால் அதுதான் மட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

“நடக்கும்போது தண்ணி சிந்தாம கட்டைவிரலால வாயை மூடிக்கணும் சாமி. போய் நின்னதும் எடுத்துடணும். எடுக்கலைன்னா உள்ள காத்து அடைச்சுக்கும், தண்ணி இருந்த எடத்துலயே நிக்கும். மட்டம் பொய்யாப் போயிடும். மறந்துடாதீங்க.”

பாறையம்மா தலையாட்டிவிட்டு, குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.

செவந்தலிங்கம் தன் முனையோடு இந்தப் பக்கம் வந்து நின்றார். வாய் சும்மா இல்லை. “இதுலதான் அவன் கோட்டை விட்டான்,” என்று சுவரிடம் சொல்லிக்கொண்டே கண்ணைத் தண்ணீர் மேல் வைத்தார்.

“விரலை எடுத்துட்டீங்களா சாமி?”

“எடுத்துட்டேன்.” சுவருக்கு மேலாகக் குரல் வந்தது.

“டியூபை மெதுவா மேல தூக்குங்க.”

“தூக்கறேன்.”

அங்கே தூக்கினால் இங்கே தண்ணீர் ஏற வேண்டும். ஏறவில்லை.

“தூக்குங்க சாமி.”

“தூக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“விரல் வாய் மேல இருக்கு, பாருங்க.”

“இல்லை.”

“இருக்கு சாமி. இருந்தாத்தான் இப்படி அசையாம நிக்கும்.”

“இல்லை கொத்தனாரே.”

“முப்பது வருஷ வேலை எனக்கு! சும்மா பொய்...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். குருவிடமே இப்படிப் பேசிவிட்டோமே என்று ஒரு கணம் உடம்பு கூசியது. அடுத்த கணமே கூச்சம் போய்விட்டது. குருவாக இருந்தால் என்ன, டியூப் பிடிக்கத் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான்.

“வந்து பாருங்க,” என்றது குரல்.

“இதோ வர்றேன்.”

கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவர் மாதிரி, குழாயைக் கையில் பிடித்தபடி சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

பாறையம்மா குழாயை இரண்டு விரல்களால் ஊதுபத்தி பிடிப்பதுபோலப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தியிருந்தார். அதன் வாய் பளிச்சென்று திறந்திருந்தது.

செவந்தலிங்கம் ஏதோ சொல்லப் போனார்.

பாறையம்மா மில்லில் சாடை காட்டுவதுபோல, தாடையால் அவர் கையைக் காட்டினார்.

குழாயின் வாய்மேல் கட்டைவிரல் அழுந்தியிருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுந்தியிருந்தது.

“இது இப்ப நடந்து வர்றதுக்காக மூடினது சாமி.”

பாறையம்மா தலையாட்டினார்.

“அங்க நின்னப்ப எடுத்துட்டேன்.”

அதற்கும் தலையாட்டினார்.

“எடுத்தேன்...”

எடுத்தோமா? தண்ணீரைப் பார்த்தது நினைவிருந்தது. சாமியின் விரலைப் பற்றிக் கேட்டது நினைவிருந்தது, அதுவும் இரண்டு தடவை. தன் விரலை எடுத்தது மட்டும், எவ்வளவு துழாவியும் அகப்படவில்லை.

விரலை எடுத்தார். தண்ணீர் விசுக்கென்று மேலே வந்து கையை நனைத்தது.

“அன்னைக்கு மட்டம் பாக்கும்போது நல்லுசாமி உங்க பக்கம் வந்து பாத்தாரா?” என்று கேட்டார் பாறையம்மா.

“இல்ல.”

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“நான் எதுக்குப் போறேன்? நின்ன எடத்துலேருந்தே கத்தினேன், ‘விரலை எடு மாப்ளே’ன்னு.”

“அவர் என்ன சொன்னார்?”

செவந்தலிங்கம் நனைந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வருஷமாக நினைக்காத ஒன்று இப்போது நினைவுக்கு வந்தது.

“அவனும் கத்தினான் சாமி.”

“என்னன்னு?”

“‘நீ எடு மச்சான்’னு.”

பக்கத்தில் மணல் குவிந்து கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்தார்.

“மழை வர்ற மாதிரி இருந்துச்சு. மட்டக்கோடு போட்டுட்டு எறங்கிட்டோம்.”

பாறையம்மா குழாயைக் கீழே இறக்கி வைத்தார். செவந்தலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

அழுது முடித்தபின் எழுந்தார். டியூபிலிருந்த தண்ணீரை மடத்து முருங்கைக்கு விட்டார். குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார்.

“கோடு போடலையே கொத்தனாரே.”

“இன்னிக்கு வேணாம் சாமி. அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்.”

“நான் பிடிக்கிறேனே.”

“நீங்க சரியாத்தான் பிடிச்சீங்க.”

சைக்கிளைத் திருப்பினார். அவர் வீட்டுக்குப் பாதை இடப்பக்கம் இறங்கும். நல்லுசாமி ஊருக்கு வலப்பக்கம். முன்சக்கரம் வலப்பக்கம் பார்த்து நின்றது.

“வருவாரா?” என்று கேட்டார் பாறையம்மா.

செவந்தலிங்கம் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டார்.

“போய்ப் பாக்கறேன் சாமி.”