குடைக்குள் அடங்கிய வானம்

கரட்டுப்பட்டி வானிலை நிலையத்தில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. எடுத்துச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வராது. நம்ம ஊர் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

அங்கே ஒரு மிஷின், அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். காற்றிலிருந்து வரும் நுண்ணலையைப் பிடித்து, எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடும். ஆனால் அது சொல்வதும் மேலே பறக்கவிடும் பலூன் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. அதிகாரி நேரில் வருகிறார், அன்றைக்கும் ஒத்துப்போகாவிட்டால் மிஷினைக் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று தகவல் வந்தது. பொறுப்பாளர் ஞானசிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் போல அதைத் துடைத்து வைத்தவர் அவர்.

மிஷின் மூடியில் ஈரம் பட்டால் அளவு தப்பும், ஒரு சொட்டு மழை விழக்கூடாது என்று அதிகாரி போனில் சொல்லியிருந்தார். ஞானசிகாமணி பெரிய குடை ஒன்றை விரித்து மிஷினுக்கு மேல் கட்டினார். அதன் பிறகு வெயிலிலும் மழையிலும் மிஷின் காட்டிய வானம் ஒரே மாதிரி இருந்தது. இவ்வளவு ஒழுக்கமான வானத்தை அவர் பார்த்ததே இல்லை.

பலூன் மட்டும் அடங்கவில்லை. உதவியாளர்கள் இருவரும் கூடி யோசித்தார்கள்.

"பலூன் ஊர் சுத்துதுண்ணே. அது வேற காத்தை அளக்குது," என்றார் தவசிமுத்து.

"ரெண்டும் ஒரே காத்தை அளக்கணும்னு அதிகாரி சொன்னாரே," என்றார் பரமகுரு.

பலூனையும் பிடித்துக் குடைக்குள் கட்டினார்கள். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின.

அதிகாரி வந்த அன்று தூறல். குடையைப் பார்த்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பலூனை அவிழ்த்துப் பறக்கவிடச் சொன்னார்.

"குடையை எடுங்கய்யா. ஈரம் காய ஒரு ஃபேனை வைங்க. வானத்துக்கும் மிஷினுக்கும் நடுவுல எதுவும் இருக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார்.

குடையை எடுத்தார்கள். நடுவில் ஒரு மேகம் இருந்தது.

ஞானசிகாமணி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபேனை மேகத்தை நோக்கி நிமிர்த்தி, முழு வேகத்தில் வைத்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மேகம் கிழக்கே நகர்ந்தது. வெயில் வந்து மூடி காய்ந்தது. மிஷினும் பலூனும் ஒரே அளவைச் சொல்லின. மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்று அதிகாரி கிளம்பிப் போனார். ஞானசிகாமணி மிஷினைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சற்று நேரத்தில் கிழக்கூரிலிருந்து தவசிமுத்துவின் மாமனார் போன் செய்தார். திடீர் மழையில், களத்தில் காயப்போட்ட மிளகாயெல்லாம் நனைந்துபோனதாம். ஞானசிகாமணி நியாயஸ்தர், அவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஃபேனோட முதுகை மேகத்துப் பக்கம் திருப்புப்பா. அனுப்புனது நாமதானே, நாமதான் திரும்ப இழுத்துக்கணும்."

"ஃபுல் ஸ்பீடு வைக்கட்டுமாண்ணே?"

"ஒண்ணுல வை. வேகமா இழுத்தா மேகம் வந்து இறக்கையில சுத்திக்கும்."