வேட்டைக்குப் போகுமுன் சொன்ன ஏற்பாடு

முன்னொரு காலத்தில் மலைக்கு இந்தப் பக்கம் நெல்லூரணி என்றொரு நாடு. அதைச் சடையப்ப பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர்தான், ஆனால் சாவு என்ற பேச்சு மட்டும் அவர் காதில் விழக்கூடாது. அரண்மனை வைத்தியர் இறந்துபோனபோது அதைச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. ராஜாவும் மாசக்கணக்கில் "வைத்தியரை எங்கே காணோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடேயப்பா, அப்படியொரு பயம்!

ராஜாவுக்கு ஒரே மகள், பொன்னாச்சி. தாயில்லாப் பிள்ளை. ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை, பசித்தால் அழக்கூடத் தெரியாது. அமைச்சர் ஆராவமுதருக்கு அந்தக் குழந்தையை நினைத்தால் சோறு இறங்காது. ஒரு தடவை ராஜா காய்ச்சலில் கிடந்தபோது, பங்காளி கொண்டல்ராயர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் கண் ராஜாவின் முகத்தில் இல்லை, இடுப்பிலிருந்த கருவூலச் சாவியில் இருந்தது. அதை அமைச்சர் பார்த்துவிட்டார். ராஜாவுக்கு ஒன்று ஆனால் குழந்தை பங்காளி கையில். குழந்தைக்கும் ஒன்று ஆகிவிட்டால் சொத்தெல்லாம் பங்காளிக்கு.

ராஜா தேறி எழுந்து சபைக்கு வந்த அன்றே அமைச்சர் வாயைத் திறந்துவிட்டார்.

"மகாராஜா, குழந்தைக்கு ஓர் ஏற்பாடு எழுதிவைத்தால் தேவலை."

கொண்டல்ராயர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா அண்ணா! எழுந்து உட்கார்ந்த மனுஷரிடம் பேசுகிற பேச்சா இது? நூறு வயசு இருக்கப்போகிறவருக்கு இவர் இப்போதே நாள் குறிக்கிறார்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "ஓய் அமைச்சரே, நாளைக் காலை வேட்டைக்குக் கிளம்புகிறேன். நீர் சொன்னது சரி என்று அதற்குள் என் வாயாலேயே சொல்ல வையும். முடியாவிட்டால் நான் திரும்பும்போது நீர் என் நாட்டில் இருக்கக்கூடாது."

நாட்டை விட்டுப் போவது அமைச்சருக்குப் பெரிதில்லை. தானும் போய்விட்டால் பொன்னாச்சிக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. யோசித்து யோசித்து, விடிகிறபோது ராஜாவின் பழைய பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கே கிளம்பினாலும் ஒன்றுவிடாமல் ஏற்பாடு சொல்லிவிட்டுத்தான் ராஜா பல்லக்கில் ஏறுவார். அமைச்சர் ஓலையும் எழுத்தாணியுமாக வாசலில் போய் நின்றார்.

"எழுதிக்கொள்ளும்" என்றார் ராஜா விறைப்பாக. "கிளிக்குக் காரமில்லாத மிளகாய். யானையை வெயில் ஏறுமுன் குளிப்பாட்ட வேண்டும். பொன்னாச்சி அறையில் ராத்திரி விளக்கு அணையக்கூடாது, இருட்டென்றால் நடுங்குவாள். அவளாகக் கேட்கமாட்டாள், நேரம் பார்த்து ஊட்ட வேண்டும்."

"சரி மகாராஜா. தாங்கள் திரும்பத் தாமதமானால்?"

"தாதி அங்கம்மை ஊட்டட்டும். வேறு யார் கையிலும் சாப்பிடமாட்டாள்."

"மழை பிடித்து ஆறு பெருகி, இன்னும் தாமதமானால்?"

"செலவுக்குக் கருவூலத்திலிருந்து எடுத்துக்கொடும்."

"இன்னும் தாமதமாகி, குழந்தை பெரியவளாகிவிட்டால்?"

"அப்போது அவளுக்கு..." என்று ஆரம்பித்த ராஜா அப்படியே நின்றுவிட்டார். மேல்மாடத்தில் அங்கம்மை இடுப்பில் பொன்னாச்சி உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வருகிற பயணத்துக்கு இத்தனை சொல்லிவிட்டுப் போகிறீர்களே மகாராஜா" என்றார் அமைச்சர் மெல்ல. "திரும்பாத பயணத்துக்கு மட்டும் அந்தக் குழந்தையை வெறுங்கையோடு விடலாமா?"

ராஜா பல்லக்கின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீர் சொன்னதுதான் சரி" என்றார். கண் கலங்கியிருந்தது. "எழுதும். எல்லாவற்றையும் எழுதும்."

வழியனுப்ப வந்திருந்த கொண்டல்ராயர் சும்மா இருப்பாரா? சட்டென்று முன்னால் வந்தார். "நானிருக்கும்போது என்ன கவலை அண்ணா? குழந்தையையும் சாவியையும் என்னிடம் விடுங்கள். கண்ணை இமை காப்பதுபோல் காப்பேன்!"

"ஆகா, மிக்க சந்தோஷம்!" என்றார் அமைச்சர். "இரண்டே வரி சேர்த்துவிடுகிறேன். குழந்தையை வளர்ப்பவர் கையில் சாவி கிடையாது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் சொத்து முழுக்க ஏரிக்கும் அன்னசத்திரத்துக்கும் போகும், காத்தவருக்குச் சல்லிக்காசு இல்லை. ராயர் கையெழுத்துப் போடலாமே?"

ராயர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... எனக்கு முழங்கால் வலி. குழந்தை பின்னால் ஓடியாட முடியாது பாருங்கள்."

"ஐயோ பாவம்!" என்றார் ராஜா. "அந்தக் காலோடு தினமும் சபைக்கு வேறு நடக்கிறாயே தம்பி. இனி வர வேண்டாம், வீட்டிலேயே இரு."

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ராயர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, முழங்கால் வலியை மறந்து விடுவிடுவென்று நடந்தார்.

ராஜா தன் சால்வையை அமைச்சருக்குப் போர்த்திச் சாவியை நீட்டினார். "அங்கம்மை வளர்க்கட்டும். சாவி உம்மிடம்."

அமைச்சர் கையை நீட்டவில்லை. "எனக்குத் தனியாக வேண்டாம் மகாராஜா. இன்றைக்கு நான் நல்லவன். நாளைக்கு எப்படியிருப்பேனோ, எனக்கே தெரியாது. கருவூலத்துக்கு இன்னொரு பூட்டுப் போட்டு அதன் சாவியை ஊர்ச்சபையிடம் கொடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்க வேண்டும். குழந்தைக்காக எடுத்ததை வருஷா வருஷம் சபை நடுவில் சொல்ல வேண்டும்."

"உம்மையே நம்ப வேண்டாம் என்கிறீரா?"

"என்னை நம்புங்கள். அதோடு பூட்டும் போடுங்கள்."

அப்படியே எழுதி, ஊரார் முன்னிலையில் முத்திரை வைத்துவிட்டு, ராஜா நிம்மதியாக வேட்டைக்குப் போனார், திரும்பியும் வந்தார். அதன்பிறகு சாவைப் பற்றி யார் பேசினாலும் அவர் கோபப்படவில்லை.

பல வருஷம் கழித்து ஓர் ஐப்பசி மழையில் ராஜா திரும்பாத பயணம் போனார். ஊரே அழுதது. சாவி எங்கே, பங்கு எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அங்கம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வளர்ந்தும் குழந்தையாகவே இருந்த பொன்னாச்சிக்கு ஊட்டிவிட்டு, அவள் அறையில் விளக்கை ஏற்றிவைத்தாள்.