மடுவில் குடிக்காத முள்ளம்பன்றி

ஒரு காட்டில், மலையிலிருந்து இறங்கி வந்த ஓடை ஒன்று அடிவாரத்தில் மடுவாகத் தேங்கி நின்றது. பன்றி, குரங்கு, மான் என்று அந்தக் காட்டு விலங்குகள் பலவும் அந்த மடுவில்தான் தண்ணீர் குடித்தன.

அங்கே வெட்சி என்று ஒரு மிளா இருந்தது. மிளாவும் மான்தான், குழந்தைகளே. உடம்பில் புள்ளி இல்லாத பெரிய மான். வெட்சிக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் அதை லேசில் விடாது. இரை மீட்டுவதுபோல் மனத்துக்குள் மீட்டிக்கொண்டே இருக்கும். அதற்குத் துளிர் என்று ஒரே ஒரு குட்டி.

அந்த ஆண்டுக் கோடை கடுமையாக இருந்தது. ஓடை நூலாக இளைத்துவிட்டது. ஒரு நாள் காலையில் துளிர் எழுந்து நிற்க முயன்று, கால் மடங்கி விழுந்தது. அதற்கு வயிற்றால் போயிற்று. குடித்த பாலெல்லாம் வெளியே வந்தது. பொழுது சாய்வதற்குள் கண்கள் குழி விழுந்துவிட்டன.

துளிருக்கு மட்டுமல்ல. பன்றிக் குட்டிகள் படுத்தன. குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியிலேயே கிடந்தன. ஒரு தாய்க் குரங்கின் கைக்குழந்தை இரண்டே நாளில் செத்துப்போயிற்று. தாய் அதைக் கீழே விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்தது.

காட்டின் அரசன் ஒரு கரடி. நல்ல மனசு, ஆனால் சோம்பேறி. கடைசியாக யார் பேசினாலும் அவர் சொல்வதே சரி என்று அதற்குத் தோன்றும். இதைத் தெரிந்துகொண்டு எப்போதும் கடைசியாகப் பேசுவது அதன் மந்திரி, தேன்வாயன் என்னும் நரி.

கரடி மடுக்கரையில் கூட்டம் கூட்டியது. அதற்கும் வயிற்று வலி.

"இது என்ன நோய்? எங்கிருந்து வந்தது?" என்று முனகிக்கொண்டே கேட்டது.

ஆளுக்கொன்று சொன்னார்கள். "வெயில்தான்" என்றது பன்றி. "தின்ற காய் சரியில்லை" என்றது ஒரு குரங்கு. எல்லாரும் பேசி முடிக்கும்வரை நரி காத்திருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அரசே, இந்தக் கோடைக்கு முன்னால் நாம் நன்றாகத்தான் இருந்தோம். இந்தக் காட்டுக்குப் புதிதாக வந்தது யார்? அதை யோசித்தால் போதும்."

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அங்கே, கூட்டத்தை விட்டுத் தள்ளி, சிலுப்பி என்னும் முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அதன் காடு தீப்பிடித்து எரிந்துபோனதால், கோடையின் தொடக்கத்தில்தான் இங்கே வந்திருந்தது. அதற்கு நயமாகப் பேச வராது. எதையும் பட்டென்று சொல்லும்.

"நோயை அதுதான் முள்ளில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது" என்றது நரி.

"துரத்துங்கள் அதை!" என்று முதலில் கத்தியது வெட்சிதான். அதன் கண்ணில் துளிரின் முகமே நின்றது. யார்மேலாவது பாய்ந்தால் தேவலை என்றிருந்தது அதற்கு.

"துரத்துங்கள்! துரத்துங்கள்!" என்று எல்லாமே கூச்சல் போட்டன.

சிலுப்பி எழுந்து நின்றது. "நான் யாரையும் தொட்டதுகூட இல்லை. என்னை யார் பக்கத்தில் சேர்த்தீர்கள்? உங்கள் மடுவில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க விட்டீர்களா? வந்த நாளிலிருந்து நான் மணலைத் தோண்டித்தான் குடிக்கிறேன்."

"பார்த்தீர்களா, எப்படி எதிர்த்துப் பேசுகிறது!" என்றது நரி. கடைசியாகப் பேசியது அதுதான்.

"சரி சரி" என்றது கரடி. "முழுநிலவு நாள்வரை தவணை. அதற்குள் முள்ளம்பன்றி இந்தக் காட்டை விட்டுப் போய்விட வேண்டும். மடுக்கரையில் அன்று மறுபடி கூடுவோம்."

வெட்சி திரும்பி வந்து துளிரின் பக்கத்தில் படுத்தது. முள்ளம்பன்றி போகப் போகிறது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கப் பார்த்தது. ஆனால் ஒரு சொல் காதில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. 'மடுவில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க விட்டீர்களா?'

மடுவில் குடிக்காத முள்ளம்பன்றி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. மடுவில் குடித்த நாமெல்லாம் படுத்துக் கிடக்கிறோம். அதெப்படி?

வெட்சி மறுநாள் முழுவதும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றியது. மலையணில் உச்சிக் கிளையில் துள்ளி விளையாடியது. அது தரைக்கே இறங்குவதில்லை. பழச்சாறே அதற்குப் போதும். கரிச்சான் குருவி, நோயாளிப் பன்றியின் முதுகிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் நோய் என்றால் முதலில் அதற்கல்லவா ஒட்ட வேண்டும்? அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"கரிச்சான், நீ எங்கே தண்ணீர் குடிக்கிறாய்?"

"காலையில் இலையில் நிற்கும் பனித்துளி. அதற்குமேல் எனக்கு எதற்கு, அக்கா?"

வெட்சி வேறெதுவும் கேட்கவில்லை. நேரே முள்ளம்பன்றியின் வளைக்குப் போயிற்று. வாசலில் தயங்கி நின்றது. முந்தின நாள் முதலில் கத்தியது தானல்லவா?

சிலுப்பி முள்ளை விரித்துக்கொண்டு வெளியே வந்தது. "தவணை இன்னும் முடியவில்லையே. அதற்குள் துரத்த வந்துவிட்டாயா?"

"இல்லை. நீ தோண்டிய குழியில் என் குட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்."

முள்ளம்பன்றி அதை ஏற இறங்கப் பார்த்தது. முள்ளெல்லாம் மெல்லப் படிந்தது.

"குழிதான் என்னுடையது. தண்ணீர் பூமியுடையது. கூட்டிக்கொண்டு வா."

துளிரால் நடக்க முடியவில்லை. வெட்சி அதை முகத்தால் முட்டி முட்டி, விழுந்தால் நிறுத்தி, மணல் திட்டுவரை கொண்டுவந்து சேர்த்தது. குழியில் ஊறியிருந்த தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் மணல் அரித்துக் கொடுத்த தண்ணீர், கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. துளிர் நக்கி நக்கிக் குடித்தது. அன்றிலிருந்து தாயும் குட்டியும் மடுப் பக்கமே போகவில்லை. சில நாள் கழித்து, ஒரு காலையில் துளிர் தானாக எழுந்து நின்று பால் குடித்தது.

வெட்சிக்கு இப்போது தெரிந்துவிட்டது. நோய் முள்ளில் இல்லை, மடுவில் இருக்கிறது. ஆனால் மடுவுக்குள் எப்படி வந்தது?

யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. நரியின் குட்டிகளில் ஒன்றுக்குக்கூட நோய் வரவில்லை. இந்தக் கோடையில் அந்தக் குடும்பம் மடுக்கரைக்குத் தண்ணீர் குடிக்க வந்ததே இல்லை. கூட்டத்துக்கு மட்டும்தான் நரி வந்தது.

வெட்சி ஓடைக்கரையில் நரியின் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு மலையேறியது. ஏற ஏற ஒரு நாற்றம் வந்தது. பாறைகளுக்கு நடுவே, பிரம்புப் புதர் மூடிய ஓர் இடுக்கில், ஒரு காட்டெருமை செத்துக் கிடந்தது. மேலே பாறையிலிருந்து தவறி விழுந்திருக்க வேண்டும். பாதி உடல் ஓடையில் ஊறி, ஊதி, அழுகிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து கழுகுகளின் கண்ணில் படாதபடி யாரோ அதன்மேல் இலைதழையை இழுத்துப் போட்டிருந்தார்கள். அதைத் தொட்டுக் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர்தான் கீழே மடுவில் போய்ச் சேர்ந்தது.

சற்று மேலே பேச்சுக் குரல் கேட்டது. வெட்சி புதருக்குள் ஒதுங்கியது.

நரி தன் குட்டிகளுக்குப் பிணத்துக்கு மேல்புறத்து ஓடையில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. "வெளியே மூச்சுவிடாதீர்கள்" என்று அது சொன்னது. "கழுகுக்குத் தெரிந்தால் ஒரே நாளில் எலும்புதான் மிஞ்சும். நமக்குக் கோடை முழுவதும் சாப்பாடு இது."

வெட்சி அங்கே நிற்கவில்லை. இறங்கி ஓடிவந்து கரடியிடம் எல்லாவற்றையும் சொன்னது.

கரடி கண்ணை மூடிக்கொண்டே கேட்டது. "மலை இடுக்கா? இந்த வயிற்று வலியோடு அவ்வளவு தூரம் நான் எப்படி ஏறுவது? அதுவும் தேன்வாயனா அப்படிச் செய்வான்? போம்மா, போய்க் குட்டியைப் பார்."

பன்றியிடம் சொன்னது. பன்றி உறுமியது. "முள்ளம்பன்றியோடு சேர்ந்துகொண்டு நீயும் கதை கட்டுகிறாயா?"

இனி யாரிடம் சொல்லியும் பயனில்லை. பொய்யைச் சொன்ன வாயிலிருந்தே உண்மையும் வரவேண்டும் என்று வெட்சி முடிவு செய்தது.

முழுநிலவு நாள் வந்தது. உச்சி வெயிலில் மடுக்கரையில் எல்லா விலங்குகளும் கூடின. முள்ளம்பன்றி மூட்டை முடிச்சு எதுவும் இல்லாமல், போகிற எண்ணமும் இல்லாததுபோல் உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை நரி குடும்பத்தோடு வந்திருந்தது. தன் வெற்றியைக் குட்டிகள் பார்க்கட்டும் என்று நினைத்ததோ என்னவோ.

வெட்சி முன்னால் வந்து தலை வணங்கியது.

"அரசே, எனக்கு ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகளெல்லாம் வாடிக் கிடக்கும்போது மந்திரியாரின் பிள்ளைகள் மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். அந்த வீட்டில் ஏதோ நல்ல ராசி இருக்கிறது. மந்திரியார் தம் வாயால் இந்த மடுவில் முதல் தண்ணீர் குடித்துத் தொடங்கி வைக்கட்டும். அவர் குடித்த தண்ணீரை நாங்களும் குடிக்கிறோம். எங்கள் நோயும் போகட்டும்."

"நல்ல யோசனை!" என்றது கரடி.

ஆடிக்கொண்டிருந்த நரியின் வால் நுனி ஒரு கணம் நின்றது. பிறகு நரி சிரித்தது. "குடிப்பதற்கென்ன? இன்று பார்த்து எனக்கு விரதம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது."

"அடடா, விரதமா!" என்று கரடி தலையாட்டியது. "அப்படியானால் வேண்டாம்."

தன் தந்திரம் மண்ணாய்ப் போயிற்று என்று வெட்சி நினைத்தது.

அப்போது, வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற நரியின் கடைக்குட்டி, "அப்பா, எனக்கு விரதம் இல்லையே! தாகமாக இருக்கிறது!" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை நோக்கி ஓடியது.

வெட்சி திடுக்கிட்டது. அது நரியைத்தான் குடிக்கச் சொன்னது, குட்டியை அல்ல. ஒரே பாய்ச்சலில் குட்டிக்கும் மடுவுக்கும் நடுவே போய் நின்றது. அதன் குளம்பு கரையில் பதிவதற்குள் நரியின் அலறல் கேட்டுவிட்டது.

"குடிக்காதே! அது விஷம்! செத்துப்போவாய்!"

எல்லாத் தலைகளும் நரியின் பக்கம் திரும்பின. நரிக்குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "மேலே செத்துக் கிடக்கிறதே, அந்த எருமையாலா அப்பா?" என்று கேட்டது.

நரி குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

கூட்டத்திலிருந்து தாய்க் குரங்கு மெல்ல நடந்து வந்தது. இப்போது அதன் கை வெறுமையாக இருந்தது. நரிக்கு முன்னால் நின்று அதன் முகத்தையே பார்த்தது.

"உனக்குத் தெரிந்திருந்தது" என்றது. அவ்வளவுதான் சொன்னது.

நரி தலையைக் குனிந்துகொண்டது.

கரடி அன்று முதன்முறையாக யாரும் சொல்லாமலே எழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, மலையேறிப் போய்த் தன் கண்ணாலேயே பார்த்தது. இலைதழையைத் தானே இழுத்து எறிந்தது. பொழுது சாய்வதற்குள் கழுகுகள் வட்டமிட்டு இறங்கின. மறுநாள் அங்கே எலும்புக்கூடுதான் கிடந்தது. பன்றிகள் அதையும் ஓடையை விட்டு வெளியே புரட்டித் தள்ளின.

நரியின் மந்திரி வேலை போயிற்று. ஓடை நெடுகிலும் நடந்து, அதில் செத்தது அழுகியது எது விழுந்தாலும் அகற்றுவது அதன் வேலை ஆயிற்று. பக்கத்திலேயே ஒரு பன்றி காவல் நடந்தது.

புது மழை வந்து மடுவைக் கழுவிப் புரட்டும்வரை ஒருவரும் அதில் வாய் வைக்கவில்லை. அதுவரை எல்லாரும் மணல் திட்டில் ஊற்றுத் தோண்டினார்கள். எவ்வளவு ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்று சிலுப்பி காட்டிக் கொடுத்தது. படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்தார்கள். சில பன்றிக் குட்டிகள் எழவில்லை.

ஒரு நாள் ஊற்றுக்கரையில் வெட்சி முள்ளம்பன்றியின் பக்கத்தில் போய் நின்றது.

"உன்னைத் துரத்தச் சொல்லி முதலில் கத்தியது நான்தான்."

"தெரியும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்" என்றது சிலுப்பி.

"மன்னித்துக்கொள். இந்தக் காட்டிலேயே இருந்துவிடு."

சிலுப்பி மணலைத் தோண்டிக்கொண்டே சொன்னது: "போகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? கொஞ்சம் தள்ளி நில். குழியில் மண் சரிகிறது."

வெட்சி தள்ளி நின்றது. துளிர் நடுவே நுழைந்து தண்ணீரில் வாய் வைத்தது.

நீதி: நோய் வந்தால் பழிபோட ஆளைத் தேடாதே, நோய் வந்த வழியைத் தேடு.