கருகிய கிணற்று வடம்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டனே பிறக்காத காலம். அப்போது நாட்டை ஆண்ட ராஜா யாரென்று எனக்குத் தெரியாது. இந்தக் கதைக்கு அவர் தேவையும் இல்லை. கரிசல் காட்டோரம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சங்கையாதான் நமக்கு வேண்டும்.

நல்ல மனிதர்தான். பொய் பேசமாட்டார், பிறர் பொருளுக்கு ஆசைப்படமாட்டார். ஆனால் வீட்டில் ஒரு சட்டி உடைந்தால் போதும், சாமி வந்தவர்போல ஆடிவிடுவார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மூத்தவன் கொம்பையா, கல்யாண வயது. இளையவள் ஆவுடை, சின்னப் பெண். வீட்டு வேலை முழுக்க அவள் தலையில்தான். பாவம், அந்தக் கை எவ்வளவுதான் தாங்கும்?

ஒருநாள் தண்ணீர்ப் பானை கை நழுவி உடைந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். முதுகு வீங்க அடி வாங்கினாள்.

இன்னொரு நாள் கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பால் முழுவதையும் குடித்துவிட்டது. அதையும் சொன்னாள். உச்சி வெயிலில் முற்றத்தில் நிற்க வைத்தார். அண்ணன்தான் தன் துண்டை அவள் தலையில் போட்டுவிட்டுப் போனான்.

மூன்றாவது தடவை, காலையில் அடுப்பு அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கப் போனாள். ஓட்டில் கங்கு வாங்கி வரும்போது சூடு பொறுக்காமல் கையை உதறிவிட்டாள். கங்கு போய் விழுந்தது கொட்டகையில் சுருட்டி வைத்திருந்த கிணற்று வடத்தின் மேல். தட்டி அணைப்பதற்குள் இரண்டு மூன்று புரி கருகிவிட்டது.

இதைச் சொல்வாளா? நீங்களே சொல்லுங்கள். கருகிய பக்கம் வெளியே தெரியாதபடி வடத்தைச் சுருட்டி வைத்தாள். வெளியூர் போயிருந்த அண்ணன் வந்ததும் அவனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

கோடையில் கிணற்றைத் தூர் வாருவது வழக்கம். ஓர் ஆள் வடத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிச் சேற்றை அள்ளிக் கொடுப்பான். வேலை முடிந்ததும் மேலே நிற்பவர்கள் அவனை இழுத்து ஏற்றுவார்கள். கொம்பையா ஊர் வந்து சேர்ந்த அன்று காலையிலேயே சங்கையா ஆட்களைக் கூட்டிவிட்டார். அண்ணனிடம் தனியே பேச ஆவுடைக்கு நேரமே கிடைக்கவில்லை.

"வடத்த ஒருதடவ பிரிச்சுப் பாத்துருவோமாப்பா?" என்றான் கொம்பையா.

"என் கையால முறுக்குன வடம்டா. அதுல என்ன குத்தம் கண்டுட்ட? எறங்கு."

ஆவுடை அப்பாவிடம் ஓடினாள். "அப்பா" என்றாள்.

"உல வச்சிட்டியா, போ" என்றார் அவர்.

"அப்பா, அந்த வடம்..."

"ஆம்பளைங்க வேலையில ஒனக்கென்ன பேச்சு?"

மூன்றாம் தடவையும் வாயைத் திறந்தாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனாள். இரண்டு மூன்று புரிதானே, தாங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இறங்கும்போது தாங்கியது. சேற்றுக் கூடைகளை இழுத்தபோதும் தாங்கியது. வேலை முடிந்து கொம்பையாவை ஏற்றும்போது, பாதிக் கிணற்றில், அறுந்துவிட்டது. அடியில் பாறை. ஐயோ, அந்தப் பிள்ளையைப் பிணமாகத் தூக்கி வந்து கிடத்தியதை நான் எந்த வாயால் சொல்ல?

அறுந்த நுனி கரியாக இருந்ததைச் சங்கையா பார்த்தார். ஆவுடை தானாகவே முன்னால் வந்து நின்றாள்.

"என் கையிலருந்துதாம்ப்பா கங்கு விழுந்துச்சு."

"பாவி, தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"சொன்னா அடிப்பீங்கன்னு பயந்துட்டேம்ப்பா."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் அதட்டியதில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "எதுனாலும் எங்கிட்டச் சொல்லு தாயி, நான் கோவப்படவே மாட்டேன்" என்று கெஞ்சுவார். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். பசித்தாலும் சொல்லமாட்டாள், காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் சொல்லமாட்டாள், சுவர்ப்பக்கம் திரும்பி அழுதால் ஏனென்றும் சொல்லமாட்டாள்.

அதனால்தான் பெற்றவர்களே, சின்னத் தப்பை ஒத்துக்கொண்ட பிள்ளையை அடித்து அடக்குகிறவர்கள், பெரிய ஆபத்தைச் சொல்ல வரும் வாயையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்கள்.