முதல்வர் எழுதிய ‘அது’ பரீட்சை

தணிகாசலம் முதல்வராக இருந்த கல்லூரியில் அவர் இருமினாலே வராந்தா அடங்கிவிடும். அங்கே தற்காலிக நர்ஸ் அன்னக்கொடி. பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றி, பால்வினை நோய்களைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அளக்க, பத்துக் கேள்விகள் எழுதி அனுமதி கேட்டுப் போனாள்.

தாள் கையைச் சுட்டதுபோல் முதல்வர் அதைக் கீழே போட்டார். “என்னம்மா இது! கேள்வி கேட்டுக்கோ. ஆனா மாதவிடாய், ஆணுறைன்னு ஒரு வார்த்தை இருந்தாலும் உனக்கு வேலை இருக்காது.”

“சரிங்க ஐயா” என்று போனவள், அந்த வார்த்தைகள் வந்த இடத்திலெல்லாம் ‘அது’ என்று மாற்றி, புதிதாக டைப் அடித்துக்கொண்டு வந்தாள். “நீங்களே எழுதிப் பாருங்க ஐயா, சுத்தமா இருக்கான்னு.”

முதல்வர் பேனாவைத் திறந்தார்.

‘அது தள்ளிப்போனால் யாரைப் பார்க்க வேண்டும்?’

தேர்வு அதிகாரியை, என்று எழுதினார்.

‘அது இல்லாமல் போனால் என்ன ஆபத்து?’

அடையாள அட்டைதானே! வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார், என்று எழுதினார்.

அன்னக்கொடி திருத்தினாள். பத்துக்குப் பூஜ்யம்.

“என்னையே பெயிலாக்கிட்டியா?”

“கேள்விதாங்க பெயில். போன வருஷம் ஒரு பொண்ணு ‘அது வலிக்குது’ன்னு வந்துச்சு. பேரைச் சொல்ல அதுக்கு வாய் வரல. மூணு மாசம் வயித்துவலி மாத்திரையே கொடுத்தேன் ஐயா. அதுக்குள்ள நோய் முத்திப்போச்சு.”

முதல்வர் பழைய தாளை எடுத்து, “மாதவிடாய்” என்று சத்தமாகவே வாசித்தார்.

கல்லூரிக் கட்டடம் இடிந்து விழவில்லை. கையெழுத்துப் போட்டார்.